கலாமணியின் பழுப்பு மோதிரம்

கலாமணியின் அப்பா சென்னியப்பன் போன ஆவணியில் தவறிவிட்டார், அவருடைய தங்கை மயிலாத்தா அதற்கு நான்கு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்தாள், ஆகவே எண்பத்து நான்காம் வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்து வேதியியல் லேபில் சோதனைக்குழாயிலிருந்து மோதிரம் விழுந்த கதையை இனி நான் முழுசாகச் சொல்லலாம். மோதிரம் விழுந்தது ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் நடந்ததில் ஒரு துண்டு மட்டும் மூன்று பேருக்குத்தான் தெரியும், அந்த மூன்றில் நான் ஒருத்தி. இந்தச் சம்பூரணத்துக்கு வாய் நீளம் என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அந்த நீள வாயை நாற்பது வருஷம் நான் மூடி வைத்திருந்தேன் என்பதை யாராவது எங்கேயாவது எழுதி வைத்தால் நல்லது.

அந்த லேபை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூக்கில்தான் முதலில் வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் சல்பைடு, புகை எழும்பித் தொண்டையை அடைத்தால் குளோரைடு, சுண்ணாம்புத் தண்ணீர் பாலாக மாறினால் கார்பனேட், சுடரில் காட்டியதும் செங்கல் நிறம் வந்தால் கால்சியம், ஆப்பிள் பச்சை வந்தால் பேரியம். ஆப்பிளைக் கண்ணால் பார்த்திராத பதினெட்டுப் பெண்கள் ஆப்பிள் பச்சை, ஆப்பிள் பச்சை என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். நோட்டில் மூன்று கட்டம் போட்டிருப்போம்: சோதனை, காண்பது, அறிவது. என்ன செய்தாய், என்ன பார்த்தாய், அதனால் என்ன தெரிந்துகொண்டாய். முதல் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் மூன்றாவதை நிரப்பினால் வேதவல்லி டீச்சர் அடிஸ்கேலால் மேசையைத் தட்டுவார், நம் கையைத் தட்ட மாட்டார், அப்படி ஒரு நல்ல டீச்சர்.

அந்தப் பதினெட்டுப் பேரில் உப்பைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன உப்பு என்று சொல்லக்கூடியவள் கலாமணி. சிரித்தால் பெஞ்சே ஆடும் அவளுக்கு. பெஞ்சு ஆடினால் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிற என் எழுத்து கோணும், அதற்காக நான் அவளைக் கிள்ளுவேன், கிள்ளினால் இன்னும் சிரிப்பாள். கோயம்புத்தூர் போய்ப் பெரிய காலேஜில் வேதியியல் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. ஆனால் அவள் மூன்று வயதில் அம்மாவை இழந்தவள். மயிலாத்தா தன் மகனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து இவளையும் வளர்த்து ஆளாக்கினாள்; அந்த நன்றியில் சென்னியப்பன், கலாமணி உன் மகன் தங்கராசுக்குத்தான் என்று தங்கைக்கு எப்போதோ வார்த்தை கொடுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம், தை பிறந்ததும் கல்யாணம், படிப்பு அதோடு சரி என்று ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலையில் அவளிடம் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானம்தான் எங்களுக்கு நைட்ரேட் சோதனை.

உப்புக் கரைசலில் புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட்டை ஊற்றி, குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் ஒரு பழுப்பு வளையம் உண்டாகும். குலுக்கினால் கலைந்துவிடும். எங்களுக்கெல்லாம் கை நடுங்கி, வளையம் வந்த வேகத்தில் போனது. கலாமணி ஒருத்திதான் ஒரு பீரியட் முழுக்க அசையாமல், அழாமல், கண்ணை மூடித் திறக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் லேப் அட்டெண்டர் ராக்கியண்ணன் வந்து, "போதும் அம்மிணி, மெதுவா ஊத்தீட்டுக் களுவி வெய்யி" என்றார். அவள் மெதுவாக ஊற்றினாள். முதலில் கரைசல் போனது, பிறகு அமிலம் போனது, கடைசியில் டிங் என்று ஒரு சத்தத்தோடு வளையம் பீங்கான் தொட்டியில் விழுந்தது. ராக்கியண்ணன் அதை எடுத்து இரண்டு தரம் தண்ணீரில் அலசி, தோளில் கிடந்த துண்டில் துடைத்து, "உன்ற மோதரமா? லேபுக்கு நகை போட்டுட்டு வரக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று அவளிடம் கொடுத்தார். மோதிரம் ஒன்று கைக்கு வந்தால் எந்தப் பெண்ணும் என்ன செய்வாளோ அதைத்தான் அவளும் செய்தாள். போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக இருந்தது, கழற்றப் பார்த்தாள், வரவில்லை.

சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம், வரவில்லை. வேதவல்லி டீச்சர் முறைப்படி சோதனை செய்தார். லிட்மஸ் தாளை வைத்தார், நிறம் மாறவில்லை. ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டார், தயிர் மாதிரி எதுவும் திரளவில்லை. முகர்ந்து பார்த்தார், நாற்றமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச எதுவும் இது இல்ல. அதனால மோதிரம்தான்" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் ஊர் முழுக்கப் பரவியது: "ஆனா குணம் மாறாது கலா. குலுங்குனா போயிடும்."

வெள்ளிக்கிழமை ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து சமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு மோதிரம் போடுகிற வழக்கம் புதிதாக வந்திருந்தது, மயிலாத்தா கால் பவுனில் எழுத்து வைத்துச் செய்து கொண்டுவந்திருந்தாள். அந்தத் தங்க மோதிரம் கலாமணியின் நகம் வரை வந்தது, அதற்கு மேல் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி நின்றுகொண்டது. தங்கராசு தள்ளினான், அவன் சித்தப்பா தள்ளினார், தட்டார் வந்து தள்ளினார். வேறு விரலில் போடலாமே என்று ஒரு கிழவர் சொன்னதற்கு, பஞ்சத்துக்குப் பெண் எடுக்க வந்தோமா என்று மயிலாத்தா சீறினாள். ஏற்கெனவே மோதிரம் ஏறின விரல், அதை யார் போட்டது என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியபோது, ராக்கியண்ணன் எழுந்து, நானே அலசிக் கொடுத்தேன் என்று சாட்சி சொன்னார். கடைசியில் மயிலாத்தா தீர்த்துச் சொன்னாள்.

"அண்ணா, அது குலுங்குனாப் போயிருமாம்ல. போற அன்னைக்கே முகூர்த்தம். அதுவரைக்கும் பொறுக்கறேன். வார்த்தை வார்த்தைதானுங்ணா?"

"வார்த்தைதான்" என்றார் சென்னியப்பன். மகள் பக்கம் திரும்பி, "நீயும் கேட்டுக்க. அது போன அன்னைக்கே புஸ்தகத்த மூட்ட கட்டீரோணும்" என்றார். அதோடு அவர்கள் பேச்சு நின்றது. அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் நான்கு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

இதற்கப்புறம்தான் எங்கள் ஊரின் அழகைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்குள், சோதனைக்குழாயிலிருந்து மோதிரம் விழுவது கிணற்றில் தண்ணீர் ஊறுவது மாதிரி ஆகிவிட்டது, யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அது நிற்குமா நிற்காதா என்பதைப் பற்றித்தான் பேச்சு. ரேஷன் கடை வரிசையில் இடித்துத் தள்ளக்கூடாது என்று அவளை முன்னால் விட்டார்கள். மாரியம்மன் நோம்பியில் தப்பட்டைக்காரர்கள் அவள் வீதி வந்ததும் குச்சியை இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். அவள் கை ஆடாது என்பதால் ஊசியில் நூல் கோக்க அவளிடம் வந்தார்கள், பிள்ளைக்குக் காது குத்தும்போது பிடித்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டார்கள், அவள் உறை ஊற்றினால் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி தினம் சாயங்காலம் நாலு வீட்டுச் சட்டிகள் அவள் வாசலில் இருந்தன. லேபுக்கும் கூட்டம் வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இதில் என்ன இருக்கிறது பார் என்றார்கள். பால்காரர் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. கிழவர்கள் வரிசையில் நின்று சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குழல் வைத்து ஊதி, அது பாலாக மாறுவதைப் பார்த்து, நமக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்று திருப்தியாகப் போனார்கள்.

கெட்டவர்களும் இருந்தார்கள், இல்லாமல் எப்படி. மயிலாத்தா தீபாவளிக்குக் கட்டுக் கட்டாக அணுகுண்டு வாங்கி வாசலில் வெடித்தாள். கோமாளி வேஷக்காரர் ஒருவரைச் சோறு போட்டு மூன்று நாள் வைத்திருந்து கலாமணி முன்னால் ஆடவிட்டாள். அவர் ஆடிய ஆட்டத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது, இவள் மட்டும் குத்துவிளக்கு மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆனால் ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்ததும், ஆட்டாமல் அசைக்காமல் தலை பின்னிவிட்டதும் அதே மயிலாத்தாதான். அவளுக்கு இந்தப் பெண் தன் வீட்டை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். அது எனக்கு அப்போது புரியவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எனக்கு இருந்த வருத்தம் வேறு. என் பெஞ்சு ஆடவேயில்லை. என் எழுத்து அந்த நான்கு மாதத்தில் அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கலாமணி மெதுவாக நடந்தாள், மெதுவாகப் பேசினாள், ஓடவில்லை, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து விழுங்கினாள். அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. மேலே ஒரு திரவம், கீழே ஒரு திரவம், நடுவில் அந்த வளையம் என்று அவளே ஒரு சோதனைக்குழாயாக ஆகிப்போனாள். "படிச்சு முடிச்சுட்டு மொத்தமாச் சிரிச்சுக்கறேன் புள்ள" என்று சொல்வாள், முகம் அசையாமல்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். சென்னியப்பன் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் டிரைவர். எட்டேகாலுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது அவர் வண்டிதான். நடுவில் ஓடையைத் தாண்ட ஒரு தரைப்பாலம், அதில் ஆளை விழுங்குகிற ஒரு குழி. சென்னியப்பன் வண்டியில் கர்ப்பிணி ஏறினால் ஆஸ்பத்திரி வாசல் போகும் முன்பே குழந்தை பிறந்துவிடும் என்று கேலி செய்வார்கள், அப்படி ஒரு முரட்டு ஓட்டு. ஊரில் யார் எப்படிக் காப்பாற்றினாலும், சென்னியப்பன் நினைத்து அந்தக் குழியில் ஒரு தரம் விட்டு எடுத்தால் போதும், மோதிரம் போய்விடும், இது எல்லாருக்கும் தெரியும். மயிலாத்தா தினமும் சொல்வாள், "அந்தக் குழியில ஒரு தரம் வுட்டு எடுங்ணா." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். கலாமணி தினமும் எஞ்சின் மூடியின் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்து, தரைப்பாலம் வரும்போது கண்ணை மூடி மோதிர விரலை மற்றக் கையால் பொத்திக்கொள்வாள். "இன்னைக்கு விட்டுருவார் புள்ள" என்பாள். இறங்கும்போது, "நாளைக்கு விட்டுருவார்" என்பாள்.

மார்கழியில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்குத் தரைப்பாலத்தில் என் தூக்குவாளி மூடி தெறித்து, ரசம் முழுக்க என் பாவாடையில் கொட்டியது. ஈரப் பாவாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை நாளும் ஒரு சொட்டு சிந்தியதில்லையே. நான் வேதவல்லி டீச்சரின் மாணவி, ஒரு தடவை பார்த்ததை நம்ப மாட்டேன். மறுநாள் கலாமணி வந்தாள். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எஞ்சின் மூடியில் வைத்தேன். தரைப்பாலத்துக்கு நூறு அடி முன்னால் அவர் கியரைக் குறைத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் குழந்தையின் தலையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார், முன்சக்கரம் குழியின் இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறியது, தண்ணீர் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. சாயங்காலம் கலாமணி ஸ்பெஷல் கிளாஸுக்கு நின்றாள், நான் மட்டும் வந்தேன். டம்ளரே பறந்துபோய்க் கண்டக்டர் பையில் விழுந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். சோதனை எழுதினேன், காண்பது எழுதினேன். அறிவது என்ற கட்டத்தை எழுதாமல் விட்டேன், கலாமணி பார்த்துவிட்டால் அழுவாள், அழுதால் குலுங்குவாள். உலகத்திலேயே அவள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் அது, அதை அவளிடம் சொல்லக்கூடாத ஒரே ஆள் நான். இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாசி பிறந்தது. செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். அன்றைக்கு என்று பார்த்து மயிலாத்தாவும் பஸ்ஸில் ஏறி மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துகொண்டாள், தேர்வு முடிந்ததும் கையோடு கூட்டிப்போக என்றாள். உட்கார்ந்ததும், "அண்ணா, இன்னைக்காவது குழியில வுடுங்க, எனக்கு வயசாகுது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கலாமணி விரலைப் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னாள்.

"எங்கப்பன எனக்குப் புடிக்கவேயில்ல புள்ள. இந்த மனுசன் எனக்குச் செத்தாப்லதான்."

நான் என்ன செய்வேன். என் வாய் நீளம்தானே. இரண்டு மாதம் அடக்கியது ஒரு நொடியில் வெடித்துவிட்டது. "வாய அலம்பு! நீ இருந்தா ஒரு சொட்டுச் சிந்தறதில்ல, நீ இல்லாட்டி ரசம் பூரா என்ற பாவாடையில. நாலு மாசமா அந்த மனுசன் மூச்ச அடக்கிட்டு ஓட்டறார், உனக்குக் கண்ணில்லையா?" என்று எஞ்சின் இரைச்சலுக்குள் அவள் காதில் சீறி, நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து மடியில் போட்டேன்.

அவள் படித்தாள். எழுதாமல் விட்ட கட்டத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பஸ் அப்போது தரைப்பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது, அவர் கியரைக் குறைத்துக்கொண்டிருந்தார், பல்லைக் கடித்திருந்தார். முதலில் அவள் தோள் நடுங்கியது, பிறகு உதடு, பிறகு கை. மோதிரம் விரலிலேயே இளகி, மணிக்கட்டு வழியாகப் பழுப்புத் தண்ணீராக ஓடி, முழங்கையில் சொட்டி, எஞ்சின் மூடிச் சூட்டில் ஆவியாகிப் போனது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெறும் விரலில் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. நான் கெடுத்தேன். நான்கு மாதம் ஒரு ஊர் காப்பாற்றியதை நான் கெடுத்தேன்.

சென்னியப்பன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். வண்டியைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்தினார். "டீசல் ஒழுகுது, ஆரும் எறங்காதீங்க" என்று பின்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியைத் திறந்து கிளறினார். டீசல் குழாயில் போடுவதற்கு ஃபைபர் வாசர் என்று ஒன்று உண்டு, வளையமாக, பழுப்பாக இருக்கும். நாலைந்தை எடுத்து அளவு பார்த்தார், ஒன்றைச் சட்டையில் துடைத்தார், முதுகால் மயிலாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் மறைத்துக்கொண்டு, மகளின் கையை எடுத்து, வெள்ளைத் தடத்தின் மேலேயே அதை ஏற்றினார். தங்க மோதிரம் ஏறாத விரலில் அது தடங்கலில்லாமல் ஏறியது.

"கண்ணத் தொடச்சுக்க அம்மிணி" என்றார். நான்கு மாதத்துக்கப்புறம் முதல் பேச்சு. "இது கலையாது."

பிறகு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில்தான் நான் நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சீட்டில் ஏறி உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பினார், இந்தத் தடவை கியரைக் குறைக்கவில்லை. "மயிலா, நல்லாப் புடிச்சுக்க" என்றார். பஸ் நேராகக் குழிக்குள் இறங்கியது. ஆட்கள் எழும்பினார்கள், கோழிக்கூடை எழும்பியது, கண்டக்டர் மேற்கம்பியில் தொங்கினார், மயிலாத்தாவின் கொண்டை கூரையில் இடித்து அவிழ்ந்து விழுந்தது. அந்தக் கரையில் ஏறியதும் சென்னியப்பன் திரும்பி, "நீ சொன்னபடியே வுட்டுட்டேன். வந்து பாத்துக்க" என்றார். மயிலாத்தா அவிழ்ந்த கூந்தலோடு தள்ளாடி வந்து, கலாமணியின் கையைத் தூக்கிப் பார்த்தாள். மோதிரம் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இதுக்கே போகலைன்னா, இது போகாதுங்ணா" என்று சொல்லி, கலாமணியின் கன்னத்தை ஒரு தரம் வழித்து முத்தமிட்டாள், போய் உட்கார்ந்தாள். பங்குனியில் தங்கராசுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் மயிலாத்தா போய் உட்கார்ந்த பிறகுதான் கலாமணி சிரித்தாள். நான்கு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள், எஞ்சின் மூடி ஆடியது, என் மடியில் நோட்டு ஆடியது. தேர்வில் அவளுக்கு வந்தது நைட்ரேட்தான். சிரிப்பு அடங்காத கையால் ஊற்றியும் வளையம் வந்தது, எக்ஸாமினர் பார்த்துத் தலையாட்டியதும் அவளே குழாயைக் குலுக்கித் தொட்டியில் ஊற்றினாள். கோயம்புத்தூர் போனாள், படித்தாள், அங்கேயே முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள்.

போன ஆவணியில் சென்னியப்பனை வாசலில் கிடத்தியிருந்தபோது அவள் வந்து இறங்கினாள். காரிலிருந்து இறங்கியவள் நேராகப் போய் அப்பாவின் கைமேல் விழுந்தாள், தோள் குலுங்க, முதுகு குலுங்க, அறுபது வயதை நெருங்குகிற பெண் மூன்று வயதுக் குழந்தை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன குலுங்கீட்டா, அது இன்னும் நிக்குது பாரு" என்றாள் ஒருத்தி.

ஆமாம் என்றேன் நான்.